ஆஸ்திகர், நாஸ்திகர், பூர்வபக்ஷம்: அன்னவாசல் வட்டாரச் சான்றுகளை முன்னிட்டு ஓர் ஆராய்ச்சி

புதுக்கோட்டை மாவட்டத்து அன்னவாசலுக்கு அருகே சித்தன்னவாசல் குன்று நீண்டு கிடக்கின்றது. அதன் உச்சியில் ஏழடிப்பட்டம் என வழங்கும் குகைத்தளத்தில் பதினேழு கற்படுக்கைகள் உண்டு. அவற்றுள் பெரியதன் மேல் உள்ள தமிழ்ப் பிராமி எழுத்து, கி.மு. முதல் நூற்றாண்டை ஒட்டியது என அறிஞர் கொள்வர். எருமைநாட்டுக் குமுழூரில் பிறந்த ஒரு துறவிக்குச் சிறுபோசில் இளையர் இவ்விடத்தைச் செய்தளித்தார் என்பது அதன் கருத்து. எருமைநாடு இன்றைய மைசூர்ப் பகுதி என்பது பலர் துணிபு. வேற்று நாட்டிலிருந்து வந்தவனும், வேதத்தைப் பிரமாணமாகக் கொள்ளாதவனும், உலகைப் படைத்தவன் ஒருவன் உண்டு என்று இசையாதவனுமாகிய ஒருவனுக்கு இவ்வூர்ப்புறத்தார் கல்லைக் குடைந்து தலையணையோடு படுக்கை அமைத்துத் தந்தனர்.

ஆஸ்திகர்க்கு மனவிசாலம் மிகுதியா, நாஸ்திகர்க்கு மிகுதியா என்னும் வினா இக்காலத்து மேடைகளில் அடிக்கடி எழுப்பப்படுகின்றது. இரு தரப்பாரும் விடையை முன்னரே கையில் வைத்துக்கொண்டே வினவுகின்றனர். ஆதலால் மேடையை விட்டுக் கல்லையும் ஓலையையும் கேட்பது தகும். அதற்கு அன்னவாசல் வட்டாரம் போல் வாய்ப்பான இடம் தென்னாட்டில் அரிது.

முதலில் சொற்பொருள். பாணினி சூத்திரத்தின்படி ஆஸ்திகன், நாஸ்திகன் என்னும் சொற்கள் ஒருவனது கொள்கை பற்றி எழுந்தவை. மறுவுலகம் உண்டு என்பவன் முன்னவன், இல்லை என்பவன் பின்னவன் என உரையாளர் விரிப்பர். மனு தர்ம சாஸ்திரமோ வேதத்தை நிந்திப்பவனை நாஸ்திகன் என்கிறது. இன்றைய வழக்கில் கடவுள் இல்லை என்பவனே நாஸ்திகன். இம்மூன்றும் ஒன்றல்ல. சமணன் மறுவுலகும் வினைப்பயனும் கொள்பவன், ஆதலால் பாணினியின் வழியில் ஆஸ்திகன். மனுவின் வழியில் நாஸ்திகன். வேதத்தின் ஒவ்வோர் எழுத்தையும் உயிரினும் மேலாகப் போற்றிய குமாரில பட்டர், உலகைப் படைத்தவன் ஒருவன் வேண்டா என்று வாதிட்டார். இன்றைய வழக்கின்படி அவரை எப்பக்கத்தில் நிறுத்துவது? மீமாம்ஸையின் இக்குறையைத் தீர்க்கவே ஸ்வாமி தேசிகன் ஸேச்வர மீமாம்ஸை என்னும் கிரந்தத்தை இயற்ற வேண்டியதாயிற்று. ஆஸ்திகர் என்பார் ஒரே அணியாக ஒருநாளும் நின்றதில்லை, நாஸ்திகரும் அவ்வாறே.

இனிக் கல்லின் சாட்சி. சித்தன்னவாசல் குன்றின் மேற்குச் சரிவில் உள்ள அறிவர் கோயில், தாமரைப் பொய்கை ஓவியத்தால் உலகறிந்தது. அதன் முகப்பருகே உள்ள தமிழ்ப் பாடற் கல்வெட்டு, மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் என்பான் அவனிபசேகரன் என்னும் ஸ்ரீவல்லப பாண்டியன் காலத்தில் அக்கோயிலைப் புதுக்கினான் என்று கூறுகின்றது. இது கி.பி. ஒன்பதாம் நூற்றாண்டு. சமணம் பாண்டிநாட்டில் ஏழாம் நூற்றாண்டிலேயே வேரறுக்கப்பட்டது, கழுவேற்றப்பட்டது என்றெல்லாம் புராணங்கள் பேசுகின்றன. அதற்கு இருநூறு ஆண்டுகளுக்குப் பின், சிவனையும் திருமாலையும் தொழுத அரசமரபின் நாட்டில், மதுரையிலிருந்தே ஒரு சமண ஆசிரியன் வந்து திருப்பணி செய்து, அரசன் பெயரையும் கல்லில் பொறிக்கின்றான். புராணம் வென்றவரின் களிப்பைச் சொல்வது. கல்லோ கணக்கைச் சொல்வது.

வணிகர் நிலை இன்னும் கவனிக்கத்தக்கது. இவ்வட்டாரத்துச் செட்டிப்பட்டியில் அழிபாடாய்க் கிடக்கும் சமணப் பள்ளிக்குத் திருவெண்ணாயில் ஐந்நூற்றுவப் பெரும்பள்ளி என்று பெயர். நார்த்தாமலையின் மேலமலையில் உள்ள விஷ்ணு குடைவரைக்குப் பதினெண்பூமி விண்ணகரம் என்று பெயர். ஐந்நூற்றுவர் என்பதும் பதினெண்பூமி என்பதும் திசையெங்கும் சென்ற ஒரே வணிகக் குழுவைக் குறித்தன என்பர். ஆக, ஒரே வணிகர் பெயர் ஈச்வரனை இசையாதார் பள்ளிக்கும் எம்பெருமான் கோயிலுக்கும் சூட்டப்பட்டது. இதனை மனவிசாலம் என்பதா, வணிக நயம் என்பதா? இரண்டும் கலந்ததே எனலாம். பல தேசத்தாரோடும் பழகுபவன் எவரது தெய்வத்தையும் எவரது தெய்வமின்மையையும் இகழ நேரமில்லாதவன்.

இவ்வளவில் நிறுத்தினால் உண்மையில் பாதியே சொன்னதாகும். நம் ஸம்ப்ரதாயத்தின் சொற்களில் கடுமை உண்டு; அதனை மறைத்தல் ஆராய்ச்சிக்கு அழகன்று. தொண்டரடிப்பொடியாழ்வார் திருமாலையின் ஏழாம் எட்டாம் பாசுரங்கள் பௌத்தரையும் சமணரையும் நோக்கிச் சொல்லுவன மிகக் கடியவை. எட்டாவதோ எம்பெருமானைப் பழிப்பார் தலை நிற்கவொட்டாத கடுமை வாய்ந்தது. திருமங்கையாழ்வார் நாகப்பட்டினத்துப் பொன் புத்தப் படிமத்தைக் கவர்ந்து அரங்கன் மதிள் திருப்பணிக்கு ஆக்கினார் என்று குருபரம்பரை மகிழ்ந்து உரைக்கின்றது. பகவத் விஷயத்தில் ஆற்றாமையால் விளைந்த வார்த்தை என்று பெரியோர் ஸமாதானம் கூறுவர். பக்தியின் ஆழத்தை அது விளக்கலாம். கேட்கும் பௌத்தனுக்கு அது ஆறுதலாகாது. ஆயினும் நாகப்பட்டினத்தில் சூடாமணி விஹாரம் ராஜராஜ சோழன் காலத்தில் எழும்பி, ஆனைமங்கலம் என்னும் ஊரையே பள்ளிச்சந்தமாகப் பெற்றது என்று லெய்டன் செப்பேடுகள் காட்டுகின்றன. ஹொய்ஸள விஷ்ணுவர்தனனைப் பற்றியும் இவ்வாறே. எம்பெருமானார் சமணரை வாதில் வென்று அவனைத் திருத்திப் பணிகொண்டார் என்பது நம் வரலாறு. அவன் பட்டத்தரசி சாந்தலை சமணராகவே வாழ்ந்து 1123-இல் ச்ரவணபெளகொளத்தில் பஸதி எழுப்பினாள் என்பதும், அவன் படைத்தலைவன் கங்கராஜன் சமணப் பள்ளிகளைப் புதுக்கினான் என்பதும் கல்வெட்டுகள். அரசன் சமயம் மாறிய வீட்டில் அரசி மாறவில்லை. மாறவேண்டும் என்று அவன் வற்புறுத்தியதாகவும் தெரியவில்லை.

ஆஸ்திகனுக்கு நாஸ்திகனிடம் உள்ளதைவிட மற்றோர் ஆஸ்திகனிடமே பகை கூர்மை என்பதற்குத் திருமெய்யம் கண்கூடு. புதுக்கோட்டைக்குத் தெற்கே, திருமங்கையாழ்வார் மங்களாசாஸனம் பெற்ற அத்திவ்யதேசத்தில் ஸத்யமூர்த்திப் பெருமாள் ஸந்நிதியும் ஸத்யகிரீச்வரர் ஸந்நிதியும் ஒரே பாறையை அடுத்தடுத்துக் குடைந்தவை. இரு கோயிலாரும் நிலத்திற்கும் நீருக்கும் நெடுநாள் வழக்காடி வழிபாடே குலைந்தது. 1245-ஆம் ஆண்டில் ஹொய்ஸள தண்டநாயகன் அப்பண்ணன், நாட்டாரையும் ஊராரையும் கூட்டி வழக்கைத் தீர்த்தான். பொதுவான ஊரின் விளைவில் ஐந்தில் மூன்று பங்கு பெருமாளுக்கு, இரண்டு பங்கு ஈச்வரனுக்கு. கிணறும் குளமும் பிரிக்கப்பட்டன. இடையே மதிள் எழுந்தது. இவ்வழக்கில் தத்துவம் ஒன்றும் பேசப்படவில்லை. பரத்வம் யாருக்கு என்று கேட்டார் எவருமில்லை. நெல் யாருக்கு என்பதே கேள்வி. மனவிசாலத்தை அளப்போர் கொள்கையை மட்டும் எடைபோட்டுக் களஞ்சியத்தை மறந்துவிடுகின்றனர்.

நெல்லுக்கு எழுந்த வழக்கைப் படைத்தலைவன் தீர்த்தது இவ்வாறு. மதத்திற்கே எழுந்த வழக்கு ஒன்றை அரசன் தீர்த்தது, சித்தன்னவாசல் துறவியின் நாடாகிய கன்னட தேசத்தில். 1368-இல் ஆனெகொந்தி, பெனுகொண்டை முதலிய இடங்களின் சமணர், வைஷ்ணவர் தமக்கு இழைக்கும் கொடுமைகளைப் பற்றி விஜயநகரத்து முதலாம் புக்கராயனிடம் முறையிட்டனர். அவன் கோயில், திருமலை, பெருமாள் கோயில், திருநாராயணபுரம் முதலிய இடங்களின் ஆசார்யர்களையும் பதினெட்டு நாட்டு ஸ்ரீவைஷ்ணவர்களையும் வரவழைத்துச் சமணர் கையை வைஷ்ணவர் கையில் வைத்தான். இரு தர்சனத்திற்கும் பேதமில்லை என்றும், சமணர்க்கு வரும் தாழ்வும் உயர்வும் தமக்கு வருவனவாகவே வைஷ்ணவர் கருதவேண்டும் என்றும் ஆணை பிறந்தது. சமணர் வீட்டுக்கு வீடு ஆண்டுக்கொரு பணம் தர, திருமலைத் தாதய்யன் அதனைக் கொண்டு பெளகொளத்து தேவனுக்கு இருபது காவலரை அமர்த்தி, மிச்சத்தால் பாழடைந்த ஜினாலயங்களைப் புதுக்கவேண்டும் என்பது ஏற்பாடு. பாஹ்ய மதத்துப் படிமத்திற்குக் காவல் வைக்கும் பொறுப்பு ஒரு திருமலை ஸ்ரீவைஷ்ணவரிடம் ஒப்படைக்கப்பட்டது.

இக்கல்வெட்டின் தொடக்கம் வேடிக்கையானது. பாஷண்டர் என்னும் கடலுக்கு வடவைத்தீ போன்றவர் என்று எம்பெருமானாரைத் துதிக்கும் ச்லோகத்தோடு அது தொடங்கி, அதன் கீழே அப்பாஷண்டரைக் காக்கும் உடன்படிக்கையை எழுதிச் செல்கின்றது. முரண் என்று சிலர் நகைப்பர். அது முரணன்று என்று கொள்வதே பொருந்தும். வாதத்தில் எரிப்பது வேறு, வீட்டை எரிப்பது வேறு என்னும் வேறுபாட்டை அக்காலத்தார் அறிந்திருந்தனர். அறியாதவர் சிலர் இருந்தமையால்தான் அரசனிடம் முறையீடே சென்றது.

அரசாணை கையைக் கட்டுமேயன்றி உள்ளத்தைக் கட்டாது. ஆழ்வார்களும் ஆசார்யர்களும் உள்ளத்திற்கு என்ன பயிற்சி தந்தனர் என்பதே இனி ஆராயத்தக்கது. திருவாய்மொழி முதற்பத்து முதல் திருவாய்மொழியின் ஒன்பதாம் பாசுரத்தைச் சூன்யவாதியை நோக்கியது என்று வியாக்யாதாக்கள் நிர்வஹிப்பர். உண்டு என்றாலும் அவனுளன், இல்லை என்றாலும் அவனுளன். உண்மை, இன்மை இரண்டும் அவனுக்கு ப்ரகாரமாம் என்பது திரண்ட பொருள். ஒரு பொருள் இல்லை என்பது, அது வேறோர் இடத்தில், வேறோர் காலத்தில், வேறோர் நிலையில் இருப்பதைச் சொல்லுவதேயன்றி வெறும் இன்மை என்று ஒன்றில்லை என ஈட்டுப் போக்கு விளக்கும். நான்காம் பத்தின் பத்தாம் திருவாய்மொழியிலும் லிங்கபுராணத்தாரையும் சமணரையும் சாக்கியரையும் விளித்து, வாதுசெய்யும் நீங்களும் உங்கள் தெய்வமும் அவனேயாகி நிற்பதைக் காணுங்கள் என்கிறார் ஆழ்வார். திருமாலையின் கடுமைக்கு எதிர்க்கோடியில் நிற்கும் கருணை இது.

ஆயினும் ஒரு நாஸ்திகன் கேட்கக்கூடும்: “யான் இல்லை என்று சொன்னதையே உண்டு என்பதன் ஒரு வகையாக்கிக்கொண்டீர். எனக்குப் பேச இடம் எங்கே விட்டீர்?” இக்கேள்வி நியாயமானது. அணைத்துக்கொள்வது வேறு, செவிகொடுப்பது வேறு. அணைப்பில் அன்பு உண்டு, எதிரியின் குரல் அதில் அமுங்கியும் போகலாம். செவிகொடுப்பதற்கு நம் ஆசார்யர்கள் வேறொரு வழியை வகுத்தனர். அதுவே பூர்வபக்ஷம்.

பூர்வபக்ஷம் என்பது எதிரியின் மதத்தை அவன் தானே சொன்னாற்போல், அவனே சொல்ல மறந்த யுக்தியையும் சேர்த்து, முதலில் நிலைநாட்டுதல். ஸ்ரீபாஷ்யத்து ஜிஜ்ஞாஸாதிகரணத்தில் லகு பூர்வபக்ஷம், மஹா பூர்வபக்ஷம் என்று இரண்டு உண்டு. மஹா பூர்வபக்ஷத்தை மட்டும் தனியே எடுத்துப் படிப்பவன், அதனை எழுதினவர் ஓர் அத்வைதி என்றே மயங்குவான். ஆளவந்தார் ஆத்மஸித்தியில் தேஹமே ஆத்மா என்னும் சார்வாகனுக்கும் இவ்வாறே இடந்தந்த பின்னர்தான் மறுக்கத் தொடங்குகிறார். ஸ்வாமி தேசிகன் பரமதபங்கத்தில் பிறமதங்களை வரிசைப்படுத்தும்போது லோகாயதத்தையே முதலில் எடுக்கிறார். கண்ணுக்குத் தெரிவதே மெய் என்பவன் எல்லாருக்கும் முன் நின்று பதில் பெறுகின்றான். அக்ரந்தம் மணிப்ரவாளத்தில் அமைந்தது என்பதும் எண்ணத்தக்கது. நாஸ்திகனது வாதம் ஸம்ஸ்க்ருத ஸதஸ்ஸோடு நில்லாமல் தமிழ் அறிந்த ச்ரோதாக்களின் காதிலும் விழவேண்டும் என்று ஓர் ஆசார்யர் திருவுள்ளம் பற்றினார்.

இதினும் வியப்பானது சாஸ்த்ரயோநித்வாதிகரணம். உலகம் காரியம், ஆகவே அதற்கு ஒரு கர்த்தா உண்டு என்று நையாயிகர் அனுமானத்தால் ஈச்வரனை ஸாதிப்பர். எம்பெருமானார் இதனை ஏற்கவில்லை. மலையும் கடலும் அடங்கிய உலகம் முழுதும் ஒரே காலத்தில் ஒருவனாலேயே ஆக்கப்பட்டது என்பதற்கு அனுமானத்தில் இடமில்லை. பெரும் படைப்புகள் பலரால் பல காலங்களில் ஆக்கப்படுவதையே காண்கிறோம். கர்த்தா என்றால் உடலோடு கூடியவனையே உலகில் கண்டிருக்கிறோம் என்றெல்லாம் அவரே ஆக்ஷேபிக்கிறார். பதினெட்டாம் நூற்றாண்டில் ஹ்யூம் என்னும் ஸ்காட்லாந்து தேசத்து ஸந்தேகவாதி எழுப்பியதாக உலகம் கொண்டாடும் தடைகள் சில இவற்றோடு ஒத்துள்ளன. நாஸ்திகன் கையில் இருந்த ஆயுதத்தை ஆஸ்திகர் தலைவரே வாங்கித் தம் பக்கத்துப் பொய்யரணை இடித்தார். பின்னர் சாஸ்த்ரமே பிரமாணம் என்னும் நிலையில் நின்றார். அவ்வரணுக்குள் யுக்தி நுழையாது என்று நாஸ்திகன் குறை கூறலாம்; ஆனால் இடிந்த மதிளுக்குப் பொய்ப்பூச்சுப் பூசி அவனை ஏமாற்ற முயன்றார் என்று கூறமுடியாது.

எதிரியின் சொல்லைப் போற்றிவைத்தவர் யார் என்பதையும் காணவேண்டும். ப்ருஹஸ்பதியின் லோகாயத சூத்திரங்கள் மறைந்தன. இன்று அவை ஓரளவு அறியப்படுவது அவற்றை மறுத்தவர்களின் மேற்கோள்களால்தான். எல்லாப் பிரமாணங்களையும் தகர்க்கும் ஜயராசி பட்டரின் தத்வோபப்லவஸிம்ஹம், குஜராத்தத்துப் பாட்டன் நகரில் ஒரு சமணப் பண்டாரத்தின் ஓலைச்சுவடியில் 1926-இல் கிடைத்து 1940-இல் பரோடாவில் அச்சாயிற்று. தத்துவமே இல்லை என்னும் நூலைச் சமணர் நூற்றாண்டுகளாகப் பட்டுத்துணியில் கட்டி வைத்திருந்தனர் போலும். தமிழிலும் குண்டலகேசி என்னும் பௌத்த காவியம் மறைந்தது. அதனை மறுக்க எழுந்த சமண நூலாகிய நீலகேசியும் அதன் ஸமய திவாகர வாமன முனிவர் உரையும் இல்லையேல் அதன் கொள்கை நமக்கு எட்டியிராது. நீலகேசியின் இறுதிச் சருக்கம் பூதவாதியோடு வாதம். மணிமேகலையிலும் வஞ்சி நகரத்தில் அவள் கேட்கும் வாதிகளுள் வைஷ்ணவவாதியும் ஒருவன், பூதவாதியும் ஒருவன். இங்ஙனம் மறுப்பவனே காப்பவனாதல் இந்நாட்டின் பழைய முறை. மறுப்பவன் தான் விரும்பியதை மட்டும் காத்திருப்பான் என்னும் ஐயமும் உடன் வரத்தான் செய்கின்றது. சார்வாகன் கடன்பட்டேனும் நெய் உண்ணச் சொன்னான் என்பதே ஊரறிந்த செய்தி. அனுமானத்தைக் குறித்து அவன் எழுப்பிய நுண்ணிய தடை பண்டிதர் அளவில் நின்றுவிட்டது. இது ஆஸ்திகர் பக்கத்துக் கடன்.

அண்மைக் காலத்து நாஸ்திகரும் இவ்வளவுகோலுக்கு உட்பட்டவரே. சென்னையில் 1882 முதல் 1888 வரை வெளிவந்த தத்துவ விவேசினி தொடங்கி, 1925-இல் தோன்றிய குடி அரசு வழியாக, தமிழ்நாட்டில் நாஸ்திக எழுத்து ஒரு பெரும் பரப்பாயிற்று. 1943-இல் கம்பராமாயணத்தைத் தீயிலிடுவது பற்றி அண்ணாதுரை ஒரு பக்கமும் ரா.பி. சேதுப்பிள்ளை, நாவலர் சோமசுந்தர பாரதியார் மறுபக்கமுமாக நின்று வாதிட்டனர். எதிர்த்தரப்பின் பேச்சும் “தீ பரவட்டும்” என்னும் அதே நூலில் அச்சேறியது. நூலின் பெயர் தீ. அதன் உள்ளே பூர்வபக்ஷ மரியாதை. ராமாயணத்தைக் கடுமையாகத் தாக்கிய பெரியார், அதனைச் சக்கரவர்த்தித் திருமகன் என்று எழுதிய ராஜாஜியோடு வாழ்நாள் முழுதும் நட்புக் கொண்டிருந்தார். 1972-இல் ராஜாஜி மறைந்தபோது தள்ளாத வயதில் வந்து கண்ணீர் விட்டார். குன்றக்குடி அடிகளாரோடும் மேடை பகிர்ந்தார். இவை மனவிசாலமே. ஆனால் அவ்வியக்கத்தார் பெரும்பாலும் எதிர்த்தது புராணக் கதைகளையும் வழக்கங்களையும். ஸ்ரீபாஷ்யத்தையோ ஆத்மஸித்தியையோ எடுத்து, அதன் வலுவான யுக்தியை முதலில் நிறுத்தி, பின் மறுத்த நாஸ்திக நூல் தமிழில் அரிது. எம்பெருமானார் சார்வாகனுக்குத் தந்த இடத்தை அவருக்கு அவர்கள் தரவில்லை. வழக்கங்களால் துன்புற்றவர்க்கு அதிகரண விசாரத்திற்கு அவகாசம் ஏது என்பது அவர்கள் பக்கத்து விடை. திருக்குளத்திலும் திருவீதியிலும் தடுக்கப்பட்டவன் அவ்வாறு சொல்லும்போது அதனை எளிதில் தள்ளவியலாது.

ஆயின் குறை அவர்களிடம் மட்டும் இல்லை. காலக்ஷேப கோஷ்டிகளில் இப்போது பரமதபங்கத்தின் லோகாயத அதிகாரம் வந்தால், நேரமின்மை கருதி ஸித்தாந்தத்தை மட்டும் சொல்லிக் கடந்துவிடும் வழக்கம் பெருகிவருகின்றது. மஹா பூர்வபக்ஷம் கடினம் என்று விடப்படுகின்றது. எதிரியின் வாதத்தை அறியாமல் அதன் மறுப்பை மனப்பாடம் செய்த வித்யார்த்தி, கல்லூரியில் ஒரு நாஸ்திக நண்பன் முதல் கேள்வியைக் கேட்டவுடன் சினக்கின்றான், அல்லது வாய்மூடி வீட்டிற்கு வந்து திருமண்ணை அழித்துவிடுகின்றான். அவனுக்கு அக்கேள்வி புதிது. எண்ணூறு ஆண்டுகளுக்கு முன்பே தன் ஆசார்யர் அதே கேள்வியை அதைவிட வலிதாகக் கேட்டு எழுதிவைத்தார் என்று அவனுக்குச் சொன்னவர் இல்லை.

நார்த்தாமலைப் பதினெண்பூமி விண்ணகரத்துக் குடைவரையின் சுவரில், ஏறக்குறைய ஒரே அளவில், ஒரே கோலத்தில் பன்னிரண்டு விஷ்ணு மூர்த்திகள் நிற்கின்றனர். முன்பு அது சமணர் குகையாய் இருந்து பின்னர் பெருமாள் கோயிலாயிற்று என்பர். இன்று அங்கே வழிகேட்பவன் விண்ணகரம் என்று கேட்டால் ஊரார்க்குச் சட்டென விளங்காது. சமணர் குடகு என்று கேட்டால் மேலமலையை நோக்கிக் கைகாட்டுவர்.